திருமலையில் காலைக்கு ஒரு கடல், மாலைக்கு ஒரு கடல்

விடுமுறை நெருங்கினால் என் போனுக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "நிலாவெளியில் நல்ல ஹோட்டல் எது?" நிலாவெளி என்பது எங்கள் திருமலைக்கு, அதாவது இலங்கையின் திருகோணமலைக்கு, வடக்கே இருக்கும் கடற்கரை. கேட்பவர்கள் எல்லாரும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவர்கள், இல்லையென்றால் அவர்களுடைய அக்கா, மச்சாள், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். ஒவ்வொருவருக்கும் வொய்ஸ் மெசேஜ் அனுப்பித் தொண்டை வறண்டுவிட்டது. சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நிலாவெளியில் தங்காதீர்கள். இதைச் சொன்னால் எல்லாருக்கும் கோபம் வருகிறது. நிலாவெளிக் கடற்கரையில் ஒரு குறையும் இல்லை, நல்ல வெள்ளை மணல், ஆழமான நீலம். ஆனால் அங்கே தங்குகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். காலையில் ஹோட்டலில் ஆறுதலாகச் சாப்பிட்டு, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, வான் பிடித்து, பதினொரு மணிக்குக் கோணேசர் கோயிலுக்கு வந்து இறங்குகிறார்கள். செருப்பைக் கழற்றினால் கல் சுடுகிறது. மேலே போய்ச் சேரும்போது நடை சாத்தும் நேரம். பிள்ளை அழுகிறது. ஆளுக்கொரு தொப்பி வாங்கிக்கொண்டு திரும்பிப் போய், "திருமலையில் அப்படி என்னதான் இருக்கு?" என்று எனக்கே மெசேஜ் போடுகிறார்கள். டவுனுக்குள் தங்குங்கள். முடியாவிட்டால் உப்புவெளியில் தங்குங்கள், அங்கிருந்து ஓட்டோவில் சட்டென்று வந்துவிடலாம்.

டவுனுக்குள் ஏன் என்று கேட்டால், இந்த ஊரின் அமைப்பே அதற்குப் பதில். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். டவுன் இருப்பது ஒரு ஒடுங்கிய கழுத்தில். கிழக்கே திறந்த கடல். அதற்குள் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை நீட்டிக்கொண்டு நிற்கிறது, கோணமலை என்றும் சொல்வோம். மலைக்கு வடக்கே இருப்பது பேக் பே, தெற்கே இருப்பது டச் பே. நகரத்தின் மறுபக்கம் உட்துறைமுகம், நாங்கள் இன்னர் ஹாபர் என்போம். சுற்றிலும் குன்றுகள் இருப்பதால் அலையே இல்லாத தண்ணீர். டச் பேயிலிருந்து இன்னர் ஹாபருக்கு ஆறுதலாக நடந்தே போய்விடலாம். அதனால் சூரியன் உதிப்பதை ஒரு கடலிலும், மறைவதை இன்னொரு தண்ணீரிலும் ஒரே நாளில் பார்க்க முடியும். எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து இதுதான் கால அட்டவணை: காலையில் கிழக்குப் பக்கம், பின்னேரம் மேற்குப் பக்கம், நடுவில் வீடு. நடுப்பகலில் திருமலையில் செய்ய உருப்படியான வேலை ஒன்று இருந்தால் அது நித்திரைதான்.

கோயிலுக்கு விடிந்ததும் போங்கள். பிரட்றிக் கோட்டை வாசலால்தான் நுழைய வேண்டும். உள்ளே இராணுவம் இருக்கிறது, அதனால் கமராவை எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டாம். வாசலில் எல்லாரும் அவசரமாகக் கடந்துபோவார்கள். நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். கல்லில் இரட்டைக் கயல் செதுக்கியிருக்கும், பக்கத்தில் சிதைந்த தமிழ்க் கல்வெட்டு இருக்கும். போர்த்துக்கேயர் 1620களில் கோயிலை இடித்து, அதே கற்களை வைத்துக் கோட்டையைக் கட்டினார்கள். ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், ஆங்கிலேயர் தங்கள் இளவரசர் ஒருவரின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார்கள். கோயில் கல் மட்டும் மதிலோடு மதிலாக அங்கேயே இருக்கிறது. 1950இல் பக்கத்தில் கிணறு தோண்டும்போது பழைய வெண்கல விக்கிரகங்கள் வெளியே வந்தன, 1956இல் சுழியோடிகள் மலையடியில் கடலுக்குள் கோயில் தூண்களைக் கண்டார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல். தேவாரம் பெற்ற தலத்துக்கு இவ்வளவு புதிய கட்டடமா என்று ஒரு நண்பி கேட்டாள். மலை பழையது, போதாதா?

மேலே போகும் வழியில் புள்ளிமான்கள் நிற்கும். டவுனுக்குள்ளும் வரும், பஸ் நிலையத்துப் பக்கம் மாடுகளோடு மாடாக நிற்கும். பிள்ளைகள் பிஸ்கட் பைக்கற்றோடு ஓடுவார்கள். தயவுசெய்து பைக்கற்றை மட்டுமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவை பொலித்தீனையும் தின்னும், அதனால் சாகவும் செய்கின்றன. குரங்குகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழம் இருந்தால் அது சுவாமிக்குப் போவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

மலையில் இருக்கும் பெரிய பிளவை, இராவணன் வெட்டை, பிள்ளைகளுக்குக் காட்டும்போது கையைப் பிடித்துக்கொண்டே காட்டுங்கள். தாய்க்காக மலையையே பெயர்க்க வாளால் வெட்டினான் என்ற கதையைச் சொன்னால் வாய் பிளந்து கேட்பார்கள். வழிகாட்டிகள் இன்னொரு கதையும் சொல்வார்கள்: டச்சு அதிகாரி ஒருவரின் மகள் பிரான்சினா, காதலன் கப்பலேறிப் போனதும் இந்த மலையிலிருந்து குதித்தாள் என்று. அவள் நினைவாக என்று ஒரு தூணையும் காட்டுவார்கள். ஆனால் அந்தப் பெண் பிறகு வேறொருவரைக் கல்யாணம் செய்து வாழ்ந்ததாகப் பதிவுகள் இருக்கின்றனவாம். எனக்கு இந்த இரண்டாவது முடிவுதான் பிடிக்கும்.

கோயிலைச் சுற்றி வந்து கடல் பக்கச் சுவரோரம் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கீழே தண்ணீர் கறுப்பாகத் தெரியும். திருமலைக்கு வெளியே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்குக் கிட்ட வரை வருகிறது. நீலத் திமிங்கிலம் இவ்வளவு கரையோரமாக வருவதற்கு அதுவே காரணம் என்கிறார்கள். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அதிர்ஷ்டம் இருந்தால் இந்தச் சுவரோரமே நின்று தூரத்தில் தண்ணீர் பீச்சுவதைப் பார்க்கலாம். படகில் போய்ப் பார்க்க விரும்பினால் அதிகாலைப் படகில் போங்கள். போகுமுன் படகுக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: "திமிங்கிலத்தைத் துரத்துவீங்களா?" "கிட்டக் கொண்டுபோய்க் காட்டுவன்" என்று உற்சாகமாகச் சொன்னால் வேறு படகைப் பாருங்கள்.

மலையிலிருந்து இறங்கினால் பசிக்கும். ஹோட்டல் பஃபேக்கு ஓடாதீர்கள். டவுனில் காலைச் சாப்பாட்டுக் கடைகளில் புட்டு, இடியப்பம், சொதி, சம்பல், மீன் குழம்பு எல்லாம் சூடாக இருக்கும். எந்தக் கடை என்று பெயர் கேட்காதீர்கள், சமையல்காரர் மாறினால் கடையும் மாறிவிடும். ஓட்டோக்காரர்கள் எங்கே நிறுத்திவைத்துச் சாப்பிடுகிறார்களோ அங்கே போங்கள். மீன் சந்தை பார்க்க விருப்பம் என்றால் அதுவும் காலையில்தான். பாரை, சூரை, கணவாய், நண்டு எல்லாம் இருக்கும். வாங்கிச் சமைத்துத் தரும் இடத்தில் தங்கியிருந்தால் நீங்கள் புத்திசாலிகள்.

உப்புவெளி, சல்லிப் பக்கம் தங்குகிறவர்கள் விடியற்காலையில் கரைவலை இழுப்பதைத் தவறவிடக் கூடாது. பார்த்துக்கொண்டே நின்றால் யாராவது "வாங்கோ, பிடியுங்கோ" என்பார்கள். பிடியுங்கள். கயிறு கையை அறுக்கும், நனைந்த மணலில் கால் புதையும், இரண்டு நிமிடத்தில் மூச்சு வாங்கும். அவர்கள் சிரிப்பார்கள். சல்லியில் முத்துமாரி அம்மன் கோயில் கடலோரமாகவே இருக்கிறது. அங்கிருந்து குடாவுக்கு அப்பால் சுவாமிமலை முழுதாகத் தெரியும். கோணமலையைப் பார்ப்பதற்குக் கோணமலையை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. மேலே நிற்கும்போது மலை எங்கே தெரிகிறது?

இனிக் காற்று. மே மாதத்துக்குப் பிறகு வருகிறவர்களுக்கு இது முக்கியம். கச்சான் காற்று என்று ஒன்று மேற்கிலிருந்து தரைவழியாக வரும். தென்மேற்குப் பருவக்காற்று அந்தப் பக்கம் மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் எல்லாம் போய், எங்களிடம் வெறும் சூடாக வந்துசேரும். காயப்போட்ட உடுப்பு அரை மணியில் விறைத்துவிடும், உதடு வெடிக்கும். அதே காற்றுக்காகத்தான் அந்த மாதங்களில் எங்கள் கடல் அமைதியாக இருக்கிறது. தரையிலிருந்து கடலை நோக்கி வீசினால் கரையோரம் அலை எழாது. கொழும்பு, காலிப் பக்கம் கடல் கொந்தளிக்கும் காலத்தில் இங்கே பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடலாம். நவம்பரிலிருந்து தை வரை எல்லாம் தலைகீழ். வாடைக்காற்று, மழை, கிழக்குக் கடல் முழுக்க வெள்ளை நுரை. அப்போது வந்து "புறாத்தீவுக்குப் போட் இல்லையாமே" என்று என்னிடம் சண்டை பிடிக்கக் கூடாது. ஆனால் ஊர் பச்சையாக இருப்பதும் அந்தக் காலத்தில்தான், அறை வாடகையும் குறைவு. குளிக்கும் ஆசை இல்லாதவர்கள் மாசி மாதம் வரலாம். சிவராத்திரியை ஒட்டிக் கோணேசர் மலையை விட்டு இறங்கி நகர்வலம் வருவார், தெருவெங்கும் வீட்டு வாசலில் நிறைகுடம் வைத்திருப்பார்கள். அந்த இரவுகளில் டவுனைப் பார்த்தவர்கள் பிறகு நிலாவெளியைப் பற்றிக் கேட்பதில்லை.

பின்னேரம் நாலரைக்குப் பிறகு மேற்குப் பக்கம். எனக்குப் பிடித்த இடம் உவர்மலை. நாங்கள் இருப்பதும் அங்கேதான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். ஏற்றம் பெரிய ஏற்றமில்லை, ஆனால் சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். பழைய ஓட்டோ என்றால் அது முனகுவது உங்களுக்கும் கேட்கும். மேலே வீடுகளுக்கு இடையில் திடீர் திடீரென்று துறைமுகம் தெரியும். கீழே தண்ணீர், நடுவில் சிறு தீவுகள், அப்பால் சீனன்குடா, அதற்கும் அப்பால் கிண்ணியா, மூதூர்ப் பக்கம். நடக்க முடியாதவர்களுக்கு இன்னர் ஹாபர் வீதி இருக்கிறது. தண்ணீரோரமாகவே போகும், சமதரை, அம்மாவும் அங்கேதான் நடக்கிறார். "டச் பேயில் சனம், இங்கே காற்று" என்பது அவருடைய கணக்கு. டச் பேயிலும் மாலையில் இருக்கலாம். வடை, சுண்டல், ஐஸ்கிரீம், பட்டம் விடும் பிள்ளைகள் என்று ஒரே கலகலப்பு. பெண்கள் தனியாக இருந்தாலும் சனம் இருக்கும் நேரம்வரை பிரச்சினை இல்லை. இருட்டியபின் இரண்டு கரையிலும் ஒதுக்குப்புறமாக உட்காராதீர்கள்.

இன்னர் ஹாபரின் இந்த அமைதியான தண்ணீருக்காகத்தான் இத்தனை நாட்டுக்காரர் சண்டை பிடித்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. ஒரு விமானம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேலேயே போய் மோதியது. பிரித்தானியர் கட்டிய அந்தத் தாங்கிகள் இன்னும் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன, உள்ளே சும்மா நுழைய முடியாது. வரலாற்று ஆசை உள்ளவர்கள் ஒஸ்டன்பேர்க் கோட்டைப் பக்கம் இருக்கும் கடற்படை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அது தளத்துக்குள் இருப்பதால் அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். நிலாவெளி வீதியில் போர்க்கால மயானமும் இருக்கிறது. புல் வெட்டி அவ்வளவு துப்புரவாக வைத்திருப்பார்கள். கல்லறைகளில் வயதைப் பார்த்தால் பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு.

சரி, ஊருக்கு வெளியே. புறாத்தீவுக்கு நிலாவெளிக் கரையிலிருந்து போட் எடுக்க வேண்டும். 2003இலிருந்து அது கடல்சார் தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தில் டிக்கெட் வாங்க வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு விலை வேறு, கனடாக்காரர்கள் மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு வாருங்கள். முதல் போட்டில் போங்கள். பத்து மணிக்குப் பிறகு தண்ணீருக்குள் மீனைவிட மனிதக் கால்களே அதிகம். நீந்தத் தெரியாதவர்கள் பவளப்பாறையில் ஏறி நின்று படம் எடுப்பதைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கும். அது கல் இல்லை, உயிர். ஒருதரம் மிதித்து உடைத்தால் திரும்ப வளரப் பல வருடம் எடுக்கும். லைஃப் ஜக்கெட் போட்டு மேலே மிதந்தபடி பார்த்தாலே போதும். பின்பக்கம் கறுப்பு நுனிச் செட்டையோடு சின்னச் சுறாக்கள் திரியும். அவை உங்களைக் கண்டால் ஓடிவிடும்.

கன்னியா வெந்நீரூற்றைப் பற்றி எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஏழு சின்னக் கிணறுகள், வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அளவுதான். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும், இறங்கிக் குளிக்கும் இடம் இல்லை. சனி, ஞாயிறில் வரிசையில் நின்று அலுத்துப்போவீர்கள். எங்கள் ஊரவருக்கு அது சுற்றுலா இடமாக இருந்ததே இல்லை. இறந்தவர்களுக்குக் கடன் கழிக்கப் போகும் இடம். இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது நம்பிக்கை. அங்கே பலகையில் எழுதியிருப்பதை வாசியுங்கள், அப்புறம் ஊர் ஆட்கள் சொல்வதையும் கேளுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது.

யாரும் கேட்காத ஒரு இடத்தை நானாகச் சொல்கிறேன். பெரியகுளம் பக்கம் வெல்கம் விகாரை என்று ஒரு பழைய பௌத்தப் பள்ளி, நாங்கள் நாதனார் கோயில் என்போம். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன, பள்ளிக்கு விளக்கும் பசுவும் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. சைவச் சோழன் பெயரில் புத்தர் பள்ளி, அதற்குத் தமிழில் தானம். இன்றைய சண்டைகளுக்கு நடுவில் அந்தக் கற்களுக்குப் பக்கத்தில் போய் நின்றால் எனக்கு ஏதோ மூச்சு விட்டமாதிரி இருக்கும். போகும்போது தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோங்கள், அங்கே கடை கண்ணி குறைவு.

மார்பிள் பீச் பிள்ளைகளுக்கு நல்லது, விமானப்படை நடத்துகிறது, கட்டணம் உண்டு. அவ்வளவுதான்.

நேரம் இருப்பவர்கள் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போக வேண்டும். 2009க்கு முன் அந்த இடத்தில் பாதைப்படகுக்குக் காத்து நிற்க வேண்டும். மூதூருக்கென்றால் திருமலையிலிருந்து லாஞ்சியில் கொட்டியாரக் குடாவைக் கடப்போம். அலையில் சத்தி எடுத்துக்கொண்டே போன ஞாபகம் எங்கள் தலைமுறை எல்லாருக்கும் இருக்கும். இப்போது பாலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். மகாவலி கடலில் கலப்பது அந்தப் பக்கம்தான். பேராதனையில் பாலத்தில் நின்று பார்த்த அதே ஆறு இங்கே வந்து கலங்கலாக, அகலமாக, அவசரமே இல்லாமல் முடிகிறது. பேராதனைக்காரர்கள் இதற்காகவாவது போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா நேரம், கிண்ணியாவில் கடைகள் பூட்டியிருக்கும். சாப்பாட்டுக்கு அதற்கு முன்போ பின்போ திட்டம் போடுங்கள். மரியாதையான உடுப்பில் போங்கள், கடற்கரை உடுப்போடு தெருவில் இறங்க வேண்டாம்.

வருகிற வழிக்கு வந்தால், கொழும்பிலிருந்து இரவு ரயில்தான் என் தெரிவு. நேரம் அடிக்கடி மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் விடியும்போது தம்பலகாமத்து வயலும், சீனன்குடாவில் துறைமுகத் தண்ணீரும் பக்கத்திலேயே வரும். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்களுக்கு வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக பஸ். போயாவோடு (பௌர்ணமி விடுமுறையோடு) ஒட்டிய நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள், அந்த நாட்களில் அறையும் கிடைக்காது, ஓட்டோவும் மலிவாக வராது. எந்த நாளானாலும் விலையைப் பேசிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

திரும்பும்போது எல்லாரும் தயிர் கேட்பார்கள். தம்பலகாமத்துத் தயிர், கிண்ணியாத் தயிர் இரண்டுமே நல்லவை, எது சிறந்தது என்று இங்கே யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். எருமைத் தயிரா என்று கேட்டு வாங்குங்கள். சட்டியைச் சரிக்காமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது உங்கள் பாடு. பஸ்ஸில் மேல்தட்டில் வைக்க வேண்டாம், ஹபரணை வளைவுகளில் அது கீழே இருப்பவரின் தலையில் இறங்கும். மடியில் வைத்துக்கொள்ளுங்கள், நித்திரை கொள்ளும் ஆளிடம் கொடுக்காதீர்கள்.